சிவப்பு மை

காஞ்சிபுரத்தில் நான் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்பினரை 'எங்கள் ஊர் நெசவு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவன், "பட்டுப் புடவையின் இருபுறமும் அஞ்சு இருக்கும்" என எழுதியிருந்தான். 'அஞ்சு' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'ஐந்து' என்று திருத்தினேன். அதோடு விட்டேனா? "இருபுறமும் ஐந்து என்ன இருக்கும்?" என வகுப்பில் உரக்கக் கேட்டேன். எல்லாரும் சிரித்தனர். அதன்பின் எந்தக் கட்டுரையிலும் அவன் நான்கு வரிக்குமேல் எழுதவில்லை.

இவ்வூர் நெசவாளருள் தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டில் பேசுவோர் பலர். அம்மொழிகள் வகுப்பறைக்குள் வந்தால் தமிழ் கெடும் என ஆசிரியர்கள் நம்பினோம். பேசினால் 25 காசு தண்டம். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசியவர்க்கோ பாராட்டு! மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்தல் வேண்டும் என்னும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 350அ, 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவன்தான் நான். கயிலாசநாதர் கோயில் தூணில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டில் பொறித்த கன்னடக் கல்வெட்டை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பெருமையுடன் காட்டியவனும் நான்தான். காஞ்சியை வென்றபோதும் அக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பியளித்ததை அது கூறுகிறது.

உதவித்தொகைப் படிவத்தில் கையொப்பம் பெற ஒருநாள் மாலை அம்மாணவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை தறியில் அமர்ந்திருந்தார். பையன் அருகிலிருந்து ஒரு பக்கக் கரைக்குரிய நாடாவை வீசிக்கொண்டிருந்தான். உடல் பச்சை; கரை சிவப்பு. கோர்வை நெசவில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று ஓடவேண்டும். துணைக்கு இன்னொருவர் வேண்டும். தந்தை தெலுங்கில் ஏதோ சொன்னார். 'அஞ்சு' என்ற சொல் என் காதில் விழுந்தது.

"அஞ்சு என்றால் என்ன?" என்றேன்.

"கரை, சார். எங்க பேச்சுல அப்படித்தான். பையன் ஏதாவது தப்புப் பண்ணிட்டானா?"

பையன் தறியிலிருந்து தலை நிமிரவில்லை. தவறு என்னுடையது என்று தந்தையிடம் சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் 'கரை – அஞ்சு' என எழுதினேன். "முந்திக்கு என்ன?" எனக் கேட்டேன். நெடுநேரம் கழித்து, "கொங்கு" என்றான். தறிக்கு "மக்கம்" என்றான். கன்னடம் பேசும் மாணவி ஒருத்தி, "எங்கள் வீட்டில் மக்க" என்றாள். ஆசிரியர் அறையில் சிலர்க்கு இது பிடிக்கவில்லை; தண்டம் நிற்க மேலும் ஓராண்டு ஆயிற்று.

அடுத்த கட்டுரையை அவன் ஆறு பக்கம் எழுதினான். ஒற்றுப்பிழைகள் மிகுதி. அவற்றைத் திருத்தினேன், பென்சிலால்.