அடுப்படிக்கு ஒரு கல்



வீடு கட்டுகின்றவர்கள் முன்னறையைப் பற்றிப் பேசும் அளவுக்குச் சமையலறையைப் பற்றிப் பேசுவதில்லை. தரைக்கு என்ன கல், வாசற்கதவுக்கு என்ன மரம் என்று ஆண்கள் பல நாள் கூடி ஆலோசிப்பார்கள். சமையல் மேடை என்று வந்ததும், “ஏதாவது ஒரு கல்லைப் போட்டுவிடுங்கள்” என்று கொத்தனாரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஆனால், இல்லத்தரசி தம் ஆயுளின் பெரும்பகுதியை நின்றே கழிப்பது அந்த மேடையின் முன்னால்தான். ரமலான் மாதத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து சஹருக்குச் சமைப்பதும் அங்கேதான். அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் அங்கேதான். கடந்த ஆண்டு எங்கள் வீட்டு அடுப்படியைப் புதுப்பித்தபோது நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நான் வாழும் போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற தெலங்கானாவின் போச்சம்பள்ளி வேறு. எங்கள் சீமை மாம்பழத்துக்கும் கல்லுக்கும் பெயர்பெற்றது. இந்நிலத்துப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று புவியியலாளர் கூறுகின்றனர். ஊதாவும் சாம்பலும் இளஞ்சிவப்பும் அலையலையாய் ஓடும் ‘பாரடைசோ’ என்னும் கல் இப்பகுதியில் வெட்டப்பட்டே பல நாடுகளுக்குக் கப்பலேறுகின்றது. பர்கூர், ஜெகதேவி வட்டாரங்களில் கல் அறுக்கும் பட்டறைகள் உண்டு. ஓசூர் வழியே எல்லையைக் கடந்தால், பெங்களூரை அடுத்த ஜிகணியில் கிரானைட் கடைகள் வரிசையாக நிற்கின்றன. இத்தனை அருகில் கல் இருந்தும், எதை வாங்குவது என்பதில் பலருக்குக் குழப்பம்தான்.

எங்கள் வீட்டிலும் கருத்துகள் பலவாயின. வெண்பளிங்கு அழகு என்றார் உறவினர் ஒருவர். பளிங்கு சுண்ணாம்பினக் கல். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ பட்டால் அதன் பளபளப்பு அந்த இடத்தில் அரிக்கப்பட்டுவிடும். முன்பு நம் வீடுகளில் பரவலாக இருந்த கடப்பாக் கல்லும் அதே இனத்தது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், பளிங்கின் முதன்மைக் கனிமமாகிய கால்சைட்டுக்கு 3. கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. எனவே நாள்தோறும் புளியும் எலுமிச்சையும் புழங்கும் நம் அடுப்படிக்குக் கிரானைட்டே ஏற்றது என்று முடிவு செய்தோம்.

எந்த நிறம் என்பதை என் மனைவியிடமே விட்டுவிட்டேன். நான் கறுப்பை எண்ணியிருந்தேன். அவரோ, “நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உலர்ந்தால் குடத்திலேயே வெள்ளை படிகின்றது. கறுப்புக் கல்லில் அதைத் துடைத்தே என் பொழுது போய்விடும்” என்றார். அடுப்படியில் நிற்பவருக்கே தோன்றக்கூடிய காரணம் அது. ஆகவே பாரடைசோவைத் தேர்ந்தெடுத்தோம்.

கடையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பளபளக்கும் மேற்புறத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பலகையைத் திருப்பச் சொல்லி அடிப்புறத்தையும் பாருங்கள். விரிசல் இருந்தால் அங்கே தெரியும். கறுப்புக் கல்லில் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தால், சாயமிருப்பின் துணியில் ஒட்டும். சிறு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் எண்ணெயும் மஞ்சளும் தடவி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கறை ஆழமாக இறங்கினால், அக்கல்லுக்குக் கறைத்தடுப்புப் பூச்சு அவசியம். கனம் 18 முதல் 20 மில்லிமீட்டர் இருத்தல் நலம். அந்தக் கனத்தில் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை. 10 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள மேடைக்கல் ஏறக்குறைய 100 கிலோ. எனவே அடியில் கட்டும் சுவர்களும் தாங்குபலகையும் உறுதியாக இருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். “எல்லா வீட்டுக்கும் மூணு அடிதான் பாய்” என்றார் மேஸ்திரி. முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே மேடை இருப்பது உடலுக்கு இதம். என் மனைவியை நிறுத்தி அளந்தோம். தரையிலிருந்து முழங்கை 37 அங்குலம். மேடையை 33 அங்குலத்தில் அமைத்தோம். புதிதாகத் தரை ஓடு பதிப்பதானால், அந்தக் கனத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மூன்று அங்குல வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். உயரம் மிகுந்த மேடை தோளையும், தாழ்ந்த மேடை முதுகையும் ஒவ்வொரு நாளும் வருத்தும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று. கல் பதிக்கும் நாளன்று ஒப்பந்தக்காரர் இரண்டு இளைஞர்களை அனுப்பினார். அவர்கள் சமையலறைக்குள்ளேயே கை இயந்திரத்தால், தண்ணீரின்றி, சிங்க்குக்கான துளையை அறுக்கத் தொடங்கினர். நொடியில் அறை முழுவதும் வெண்தூசு மண்டியது. ஒருவர் முகத்தில் கைக்குட்டை; மற்றவருக்கு அதுவும் இல்லை.

“நிறுத்துப்பா தம்பி, இவ்வளவு தூசும் உன் மூச்சுக்குள்ளேதானே போகுது?” என்று கேட்டார் என் மனைவி.

“பழகிப்போச்சுங்கம்மா” என்றார் அந்த இளைஞர்.

வாசகர்களே! நுரையீரல் இதற்குப் பழகுவதில்லை. கல்லை அறுக்கையில் எழும் சிலிகா தூசின் நுண்துகள்கள் நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கித் தழும்பை உண்டாக்கும். சிலிகோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. 1997ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சிலிகா தூசைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. குவார்ட்ஸ் துகளைப் பசையோடு கலந்து செய்யப்படும் செயற்கைக் கற்கள் பலவற்றில் சிலிகா நூற்றுக்குத் தொண்ணூறையும் தாண்டும். அவற்றை அறுத்த இளந்தொழிலாளர் பலர் நோயுற்றதனால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அத்தகைய கற்களைத் தடைசெய்துவிட்டது. கிரானைட்டில் சிலிகா அதைவிடக் குறைவு. எனினும் உலர்நிலையில் அறுத்தால் அதன் தூசும் ஆபத்தே.

ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். “பட்டறைக்குக் கொண்டுபோய்த் தண்ணி மெஷின்ல அறுத்தா அரை நாள் வீணாகும் பாய். வண்டி வாடகை, கூலி எல்லாம் சேரும்” என்றார். அவற்றைத் தருவதாக ஒப்புக்கொண்டோம். கற்கள் பட்டறைக்குப் போய், நீர் பாய்ச்சி அறுக்கப்பட்டு, மறுநாள் வந்தன. அரைநாள் வேலைக்குரிய கூலியை இளைஞர்கள் கையிலேயே கொடுத்தேன். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று மதரஸாவில் பிள்ளைகளுக்கு நான் கற்பிக்கின்றேன். அவருடைய மூச்சையும் நாம் பறிக்கலாகாது என்பதும் அதில் அடங்கியதே என்று இப்போது சேர்த்துச் சொல்கின்றேன்.

ஆதலால் பேரம் பேசும்போதே அளவுகளைத் துல்லியமாகக் கொடுத்து, சிங்க், அடுப்பு ஆகியவற்றின் துளைகளைப் பட்டறையிலேயே நீர் பாய்ச்சி அறுத்துத் தரும்படி சொல்லிவிடுங்கள். வீட்டில் மிஞ்சும் சிறு வேலையை வெளியில் வைத்து, உரிய முகக்கவசத்துடன் செய்யச் செய்யுங்கள். துணிக் கைக்குட்டை அத்தூசைத் தடுக்காது.

பதித்த பின் பராமரிப்பு எளிது. கல்லைப் படுக்கையாகத் தூக்காமல் நிமிர்த்தித் தூக்கி வந்து, ரசமட்டம் வைத்துப் பதித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். கழிவறை ஆசிடைக் கல்லின் அருகே கொண்டுவராதீர்கள். சோப்பு நீர் போதும். பெருநாள் இறைச்சியைக் கல்லின்மீது வெட்டாமல் மரப்பலகையில் வெட்டுங்கள். கத்தியின் கூரும் காக்கப்படும், மேடையும் தூய்மையாக இருக்கும். தேங்காயைச் சிங்க்கின் ஓரத்தில் உடைக்காதீர்கள். கல்லின் மெலிந்த பகுதி அதுவே.

அடுப்படிக் கல் ஒரு தலைமுறைக்கும் மேல் நிலைக்கும். அதன்முன் நிற்கப்போகும் பெண்ணிடம் கேட்டு வாங்குங்கள். அதை அறுப்பவரின் உடல்நலத்துக்கு ஆகும் அரைநாள் செலவையும் வீட்டுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.