அரை நிமிஷத்துக்கு ஒரு மணி!

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்குக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தள்ளி, காட்டுக்கு நடுவுல இருந்த குட்டி கிராமம் ஹத்தின். மொத்தமே 26 வீடுதான். இன்னிக்குப் போய்ப் பார்த்தா ஒண்ணுகூட இல்ல ஃப்ரெண்ட்ஸ்!

1943, மார்ச் 22. நாஜிகள் ஆக்கிரமிச்சிருந்த காலம். ஊருக்குப் பக்கத்துல ஜெர்மன் வாகனங்களை கெரில்லாக்கள் தாக்கினாங்க. செத்தவங்கள்ல ஒருத்தர், 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் குண்டு எறிதல்ல தங்கம் ஜெயிச்ச ஹான்ஸ் வோல்க்கே. அந்தக் கோபம் கிராமத்து மேல திரும்பிச்சு. ஊர் ஜனத்தையே ஒரு தானியக் கொட்டகைக்குள்ள அடைச்சு, தீ வெச்சாங்க. தப்பிச்சு ஓடினவங்களைச் சுட்டாங்க. இறந்தவங்க 149 பேர். அதுல 75 பேர் குழந்தைகள்!

கொல்லர் யோசிஃப் காமின்ஸ்கி பிழைச்சார். ஆனா, அவரோட மகன் அவர் கையிலேயே உயிரை விட்டான். மகனைக் கையில ஏந்தி நிற்கிற அந்த அப்பாதான் இப்போ ஊர் வாசல்ல வெண்கலச் சிலை.

1969-ல் அங்கே நினைவிடம் திறந்தாங்க. வீடு இருந்த ஒவ்வொரு இடத்துலயும் புகைக்கூண்டு மாதிரி ஒரு தூண், உச்சியில மணி. வாசல் கேட் எல்லாமே திறந்தே இருக்கும். எரிஞ்சு, திரும்ப எழும்பாமலே போன வேற 185 கிராமங்களோட மண்ணும் இங்கேதான் இருக்கு. பக்கத்துல மூணு பிர்ச் மரம். நாலாவது மரத்துக்குப் பதிலா அணையாத தீபம். போர்ல நாலுல ஒருத்தரை இழந்த நாடுங்கறதுக்கு அடையாளம் அது.

அந்த மணிகள் 30 செகண்டுக்கு ஒரு தடவை ஒலிக்கும். நீங்க இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு, மூணு தடவை அடிச்சிருக்கும்.