கடைசி இடமும் 14ஆம் இடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். நம்மட ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேருடைய விசயம் கடைசியில் வருகிறது. அதற்கு முதல் ஜமைக்காவுக்கு ஒருக்காப் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது.

ஜமைக்கா நம்மைப் போல ஒரு தீவு. நம்மை விடச் சின்னது. கடல், தென்னை, கரும்பு, கிரிக்கெட், வெயில் எல்லாம் உண்டு. பனி மட்டும் இல்லை. அந்த நாட்டில் இருந்து ஒரு அணி 1988 பெப்ரவரியில் கனடாவின் கல்கரி நகரத்தில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனது. போன போட்டி பொப்ஸ்லெட்.

பொப்ஸ்லெட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிற ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதிலாக முழுக்கப் பனிக்கட்டி. அதில் சில்லு இல்லாத ஒரு வண்டி, உருக்குச் சட்டங்களின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நான்கு பேரும் ஏறத்தாழ 50 மீற்றர் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஓடுகிற ஓட்டத்திலேயே ஒருவர் பின் ஒருவராக உள்ளே பாய வேண்டும். முன்னால் இருப்பவர் இரண்டு கயிறுகளை இழுத்து வண்டியைத் திருப்புவார். கடைசியில் இருப்பவர் பிரேக் பிடிப்பார். வேகம் மணிக்கு 120 கிலோமீற்றருக்கும் மேலே போகும்.

இதைப் பனியே இல்லாத நாட்டுக்குக் கொண்டுபோகும் யோசனை ஜோர்ஜ் பிட்ச், வில்லியம் மலோனி என்ற இரண்டு அமெரிக்கர்களுக்கு வந்தது. ஜமைக்காவில் தள்ளுவண்டிப் போட்டி ஒன்று நடக்கும். மேட்டில் இருந்து மரவண்டியைத் தள்ளி ஏறி இறங்குகிற போட்டி. அதைப் பார்த்தவர்களுக்கு இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று பட்டிருக்கிறது. அதோடு பொப்ஸ்லெட்டில் தொடக்கத் தள்ளல்தான் பாதி வெற்றி. ஓடத் தெரிந்தவர்களுக்கு ஜமைக்காவில் பஞ்சமா?

ஆனால் பெரிய ஓட்டவீரர்கள் யாரும் இதற்கு வர விரும்பவில்லை. கடைசியில் இராணுவத்தில்தான் ஆட்கள் கிடைத்தார்கள். டட்லி ஸ்டோக்ஸ் ஹெலிகொப்டர் ஓட்டுகிற அதிகாரி. டெவன் ஹரிஸ் லெப்டினன்ட். மைக்கல் வைட் சிப்பாய். பயிற்சி தொடங்கியது 1987இன் பிற்பகுதியில். அதாவது ஒலிம்பிக்குக்கு சில மாதங்களே இருந்தன. கல்கரிக்குப் போன பிறகு ஒருவர் காயப்பட்டதால், அண்ணன் ஓடுவதைப் பார்க்க வந்திருந்த டட்லியின் தம்பி கிறிஸை அணியில் சேர்த்தார்கள். ஆள் ஒரு ஓட்டவீரர், ஆனால் அதுவரை பொப்ஸ்லெட்டில் ஏறியதே இல்லை.

இருவர் ஓட்டத்தில் டட்லியும் வைட்டும் 41 அணிகளில் 30ஆவதாக வந்தார்கள். நால்வர் ஓட்டத்தின் மூன்றாவது சுற்றில் வண்டி தலைகீழாகப் புரண்டது. நால்வரும் தலை பனிச்சுவரில் உரசியபடியே கீழே போனார்கள். வண்டி நின்றதும் ஒவ்வொருவராக எழும்பி, மிச்சப் பாதையை நடந்து முடித்தார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. பெறுபேற்றுத் தாளில் ‘போட்டியை முடிக்கவில்லை’ என்றுதான் பதிவானது.

1993இல் ஹொலிவூட் இதைக் ‘கூல் ரன்னிங்ஸ்’ என்று படமாக்கியது. கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் விடுதி டிவியில்தான் நான் அதைப் பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, கடைசிக் காட்சியில் கண் கலங்கியது. அதில் நால்வரும் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு எல்லைக்கோட்டைக் கடப்பார்கள். உண்மையில் வண்டியை மற்றவர்கள் தள்ளிவர, இவர்கள் பக்கத்தில் நடந்து வந்தார்கள். படத்தில் வருகிற வீரர்களின் பெயர்களும் கற்பனை, பயிற்றுவிப்பாளரும் கற்பனை. படம் என்றால் அப்படித்தான், அதில் பிழை இல்லை.

எனக்கு உறுத்துகிற விசயம் வேறு. படம் முடிகிற இடத்தில் கதை முடியவில்லை.

அவர்கள் 1992இலும் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். 1994இல் நோர்வேயின் லில்லஹாமரில் நால்வர் ஓட்டத்தில் 14ஆம் இடத்துக்கு வந்தார்கள். அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் எல்லாம் அவர்களுக்குப் பின்னால். 1988இல் தலைகீழாகப் போன வண்டியில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் இந்த வண்டியிலும் இருந்தார்கள். பிறகு லசெல்ஸ் பிரவுண் என்று ஒருவர் ஜமைக்கா அணியில் இந்த விளையாட்டைப் பழகி, கனடாவுக்குப் போய், 2006இல் கனடாவுக்காக ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கமே எடுத்தார்.

விழுந்த கதை உலகத்துக்கே தெரியும். 14ஆம் இடம் யாருக்குத் தெரியும்? ஏழை நாட்டுக்காரன் விழுந்து எழும்பினால் கைதட்டுவோம். அவன் ஆறு வருசம் விடாமல் பழகி, பணக்கார நாட்டைத் தாண்டிப் போனால் அதைப் பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை.

இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிலிப் பொயிட் கென்யாவின் 800 மீற்றர் ஓட்டக்காரர். ஒரு சப்பாத்துக் கம்பனியின் செலவில் 1996இல் பின்லாந்துக்குப் போனபோதுதான் முதன்முதலாகப் பனியைக் கண்டார். 1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் 10 கிலோமீற்றர் பனிச்சறுக்கு ஓட்டம். நோர்வேக்காரர் பியோர்ன் டாலி 27 நிமிடத்தில் முடித்துத் தங்கம் எடுத்துவிட்டார். பொயிட் வந்து சேர 47 நிமிடம். அந்த இருபது நிமிடமும் டாலி எல்லைக்கோட்டிலேயே நின்று, கடைசியாக வந்த மனிசனைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். பொயிட் பிறகு தன் மகனுக்கு டாலி என்று பெயர் வைத்தார்.

இந்தக் கதை வட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதே பொயிட் 2002 ஒலிம்பிக்குக்கும் 2006 ஒலிம்பிக்குக்கும் திரும்பப் போனார் என்ற செய்தி அந்தப் பதிவுகளில் இருக்காது. கட்டிப்பிடித்ததோடு அவருக்குப் போதும் என்று இருந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார்.

அடுத்தவர் லமின் கெய். செனகல் நாட்டவர். 1984இல் சரயேவோவில் பனிச்சறுக்கில் இறங்கியவர். குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் கறுப்பின ஆபிரிக்கர் அவர்தான். தன் நாட்டுக்குப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தை உண்டாக்கியதும் அவரே. 1988க்குப் பிறகு தகுதி விதிகளை இறுக்கிவிட்டார்கள். சர்வதேசப் போட்டிகளில் குறிப்பிட்ட தரத்தை எடுத்துக் காட்டினால்தான் ஒலிம்பிக் வாசலுக்கே வரலாம். இந்த விதிகள் சின்ன நாடுகளை வெளியே தள்ளுகின்றன என்று கெய் வருசக்கணக்காகச் சண்டை பிடித்தார்.

விதி போட்டவர்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 120 கிலோமீற்றர் வேகத்தில் பழக்கமில்லாத ஒருவரை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது. உயிர் போகிற விளையாட்டு. ஆனால் தகுதி எடுக்க ஐரோப்பாவில் போட்டி போட்டியாக ஓட வேண்டும். விமான டிக்கட், விசா, தங்குமிடம், சாமான் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஆகவே அந்த வாசலில் திறமையோடு சேர்த்துப் பணமும் நிறுக்கப்படுகிறது. நைஜீரியாவின் சேயுன் அடிகுன் லண்டன் ஒலிம்பிக்கில் தடைதாண்டி ஓடியவர். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மரத்தால் தானே ஒரு வண்டி செய்து பழகத் தொடங்கினார். பொதுமக்களிடம் இணையத்தில் காசு சேர்த்து, 2018இல் ஆபிரிக்காவின் முதல் பொப்ஸ்லெட் அணியைக் கொரியாவுக்குக் கொண்டுபோனார். 20 அணிகளில் 20ஆம் இடம். அந்த வாசலைத் தாண்டி வந்த 20ஆம் இடம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி ஊருக்கு வருவோம்.

நம்மட பாடசாலையில் இருந்து மூன்று பொடியன்மாரை வலய மட்ட நீச்சல் போட்டிக்கு அனுப்ப உடற்கல்வி சேர் பெயர் கொடுத்திருக்கிறார். மூன்று பேரும் நமது குளத்தில் நீந்தி வளர்ந்தவர்கள். அலைகரையில் இருந்து நடுத்திட்டு வரைக்கும் போய்த் திரும்புகிறவர்கள். மூச்சும் தோள்பலமும் அவர்களுக்கு இருக்கிறது. இல்லாதது எது என்றால், நீச்சல் தடாகம். மேடையில் இருந்து பாய்கிற முறை தெரியாது. சுவரைத் தொட்டுப் புரண்டு திரும்பத் தெரியாது. நேர்கோட்டில் நீந்தும் தேவை குளத்தில் வருவதில்லை. பட்டணத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஆறு வயதில் இருந்து பயிற்றுவிப்பாளரோடு பழகுகிறவர்கள். நேர்மையாகச் சொன்னால் நமது பிள்ளைகள் கடைசியாக வர நிறைய இடம் இருக்கிறது.

பெற்றார் கூட்டத்தில் இரண்டு கருத்து வந்தது. ஒரு பெரியவர், “சேர், குளத்துல நீந்துறது வேற, அது வேற. போய்க் கடைசியா வந்து ஸ்கூல்ட பேரைக் கெடுக்க வேணாம், புள்ளையள்ட மனசும் உடைஞ்சி போகும்” என்றார். அக்கறையில்தான் சொன்னார். அவர் சொன்ன முதல் பாதி முழுக்கச் சரி. தரையில் ஓடத் தெரிந்தவனுக்குப் பனிக்கட்டி வேறுதான். ஜமைக்காக்காரர்கள் அதைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொருவர், “போகட்டும் சேர், கலந்துகொண்டாலே வெற்றிதான், வரக்குள்ள மாலை போடுவம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்தக் கருத்தில்தான் கூடுதல் பயம்.

ஏனென்றால் நாங்கள் இப்படித்தான் செய்து பழகியிருக்கிறோம். ஒரு பிள்ளை ஒருமுறை போகும். படம் எடுப்போம், பேஸ்புக்கில் போடுவோம், ‘மாஷா அல்லாஹ்’ என்று நூறு பேர் எழுதுவோம். அடுத்த வருசம் அந்தப் பிள்ளை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை போய்க் கடைசியாக வருவதற்கு உங்களுடைய கைதட்டல் போதும். 14ஆம் இடத்துக்கு வர அது போதாது. அதற்கு ஆறு வருசம் வேண்டும். ஆறு வருசமும் யாராவது கூட நிற்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. பிள்ளைகள் போகட்டும். போகும்போதே அவர்களிடம் உண்மையைச் சொல்லி அனுப்புவோம். “மகன், இந்த முறை நீ கடைசியாக வரலாம். பாய்கிற மேடை எவ்வளவு உயரம், தண்ணீருக்குள் கோடு எப்படி இருக்கிறது, முதலாவதாக வருகிறவன் எப்படித் திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டு வா. உன் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வா.” இப்படிச் சொல்லி அனுப்பினால் மனசு உடையாது. நீ வெல்வாய் என்று பொய் சொல்லி அனுப்பினால்தான் உடையும்.

திரும்பி வந்தால் மாலை வேண்டாம். பட்டணத்தில் உள்ள தடாகத்துக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மூன்று பேரையும் கொண்டுபோக வேன் வேண்டும். தடாகத்துக்கான கட்டணம் வேண்டும். நம்மட ஊரில் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டில் ஹோட்டல் தடாகங்களில் உயிர்காப்பு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மாலை நேரத்தில் குளத்தங்கரைக்கு வந்து ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தால் பெரிய புண்ணியம். குளத்தில் 25 மீற்றருக்குக் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் பலகை அடித்துத் திரும்பப் பழக்கலாம் என்று உடற்கல்வி சேர் சொல்கிறார். மரவண்டியில் பழகிய நைஜீரியாப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், பலகையும் கயிறும் குறைந்த சாமான் இல்லை.

முடிந்தவர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரோடு கதையுங்கள். காசு தர முடியாதவர்கள் ஒரு வேலை செய்யலாம். அடுத்த வருசம் இதே மாதத்தில் என்னைக் கண்டால், “அந்த மூணு பொடியன்மாரும் இப்ப எத்தனை செக்கன்ல நீந்துறாங்க சேர்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல நான் தயாராக இருக்க வேண்டும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் நானும் தூங்க மாட்டேன், பிள்ளைகளும் விட மாட்டார்கள்.