இரண்டு சட்டமன்றம், ஒரு ஊர்

நவம்பர் 11, செவ்வாய்
மதியத்துக்குள் சண்டிகர் வந்தாயிற்று. செக்டர் 22-ல் அறை. ஆட்டோக்காரரிடம் தெருப்பெயர் சொன்னால் விழிக்கிறார். செக்டர் எண்ணைச் சொன்னதும் வண்டி கிளம்பிவிடுகிறது. ஒரு செக்டர் என்பது 1,200 மீட்டருக்கு 800 மீட்டர். கடை, பள்ளி, பூங்கா எல்லாம் அதற்குள்ளேயே. மரநிழலுக்குக் குறைவில்லை, அதில் நடக்கத்தான் ஆளில்லை.

நவம்பர் 12, புதன்
சட்டமன்றம் இருக்கும் கேபிட்டல் வளாகத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுகிறார்கள். 1947-ல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. அதற்காகக் கட்டியதுதான் இந்த ஊர். முதல் திட்டம் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயருடையது. அவரோடு வேலை செய்த நொவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் இறந்த பிறகே கட்டடக் கலைஞர் லெ கார்புசியே வந்தார். பேரெல்லாம் அவருக்கு. 1965 வரை இங்கேயே தங்கி, அரசு ஊழியர் வீடு முதல் நாற்காலி வரை வடிவமைத்தவர் அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே. அந்த நாற்காலிகள் இப்போது வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை போகின்றன. என்னைக் கேட்டால், பிரம்மாண்டமான கான்கிரீட்டைவிட ஜான்னரேயின் செங்கல் வீடுகளே இந்த ஊருக்கு அழகு.

ஆளுநர் மாளிகைக்கும் கார்புசியே வரைபடம் போட்டிருந்தார். ஜனநாயக நாட்டுக்கு அது பொருந்தாது என்று நேரு மறுத்துவிட்டார்.

நவம்பர் 13, வியாழன்
காலையில் சுக்னா ஏரி. 1958-ல் அணை போட்டு உண்டாக்கியது. ஜான்னரேயின் அஸ்தியை இதில்தான் கரைத்தார்கள். பக்கத்திலேயே ராக் கார்டன். சாலை ஆய்வாளர் நேக் சந்த், உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து அரசு நிலத்தில் ரகசியமாகக் கட்டியது. விஷயம் தெரிந்த பிறகும் இடிக்காமல் 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கும் சில சமயம் நல்ல புத்தி வரும்.

நவம்பர் 14, வெள்ளி
நேற்று முன்தினம் பார்த்த சட்டமன்றக் கட்டடம் மனதைவிட்டுப் போகவில்லை. பேரவைக்கு ஒன்று, மேலவைக்கு ஒன்று என இரண்டு மன்றங்களோடு கட்டியது. 1966 நவம்பர் 1-ல் பஞ்சாபிலிருந்து ஹரியானா பிரிந்தது. பெரிய மன்றம் பஞ்சாபுக்கு, மேலவைக்கான சின்ன மன்றம் ஹரியானாவுக்கு. ஊர் மட்டும் யூனியன் பிரதேசமாயிற்று. அதைப் பஞ்சாபிடம் ஒப்படைப்பதாக 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் அகாலி தலைவர் லோங்கோவாலும் போட்ட ஒப்பந்தம் சொன்னது, நடக்கவில்லை. 1984 முதல் பஞ்சாப் ஆளுநரே இங்கே நிர்வாகி. மாநகராட்சிக்கும், ஒரே ஒரு மக்களவைத் தொகுதிக்கும் இந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடலாம். தங்கள் ஊரில் கூடும் இரண்டு சட்டமன்றங்களில் ஒன்றுக்குக்கூட ஓட்டுப் போட முடியாது.