காவலூரில் ஒரு குளிர்கால இரவு

பெயர் சூட்டும் நாளிலும், ஆலயத்தில் அர்ச்சனை செய்யும்போதும் நம் குழந்தைகளின் நட்சத்திரத்தைக் கூறுகிறோம். ஆனால் பெங்களூரின் விளக்கொளியில் வளரும் நம் பிள்ளைகளுள் அதனை வானத்தில் கண்டவர் மிகச் சிலரே. பஞ்சாங்கத்தில் உள்ள சொல், வானத்தில் உள்ள ஒளி என்பதை அவர்களுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர், மார்கழி அல்லது தை மாத அமாவாசையை ஒட்டிக் காவலூருக்குச் செல்லலாம்.

வாணியம்பாடியில் ரயிலை விட்டிறங்கி, ஆலங்காயம் வழியே சவ்வாது மலை ஏறினால், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. விஞ்ஞானி வைணு பாப்பு, இருண்ட வானத்தை நாடி இக்காட்டைத் தேர்ந்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் இங்கே பணி தொடங்கிற்று. நம் நாட்டிலேயே உருவாகிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பெற்று அவர் பெயரைத் தாங்கியது. 1982இல் மறைந்த அவர் அதனைக் காணவில்லை. அதன் ஆடி மெருகேறியது நம் பெங்களூரிலேதான்!

பெருங்கருவி ஆராய்ச்சிக்கே உரியது. பார்வையாளர்க்குச் சிறு தொலைநோக்கி உண்டு. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். எனினும் நேரத்தை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் நலம். கம்பளியும் மறவாதீர்!

கருவியின்றியும் காணத்தக்கவை பல. முன்னிரவில் உச்சிவானில் சிறு கொத்தாகத் தோன்றுவது கார்த்திகை. அதன் கிழக்கே செம்மை கலந்து ஒளிர்வது ரோகிணி. அதற்கும் கீழே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு வடபுறத்தில் சிவந்து விளங்குவதே திருவாதிரை. சூரியனின் இடத்தில் அதனை வைத்தால் பூமியும் அதனுள் அடங்கிவிடும். அம்மூன்றின் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால், இரவு விண்மீன்களுள் மிகப் பிரகாசமான சிரியஸ் தென்படும். இரவு ஏறியபின் அதற்குத் தெற்கே தாழ்ந்து ஒளிர்வது அகத்திய நட்சத்திரம்.

சிரியஸின் ஒளி நம்மை அடைய எட்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும். ஒன்பது வயதுச் சிறுமி இன்று காணும் அவ்வொளி, அவள் தொட்டிலில் கிடந்தபோது புறப்பட்டது. கார்த்திகையின் ஒளியோ நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்கிறது.

ஊர்கள் பெருகப் பெருக, விளக்கொளி மலையடிவாரங்களையும் எட்டுகிறது. இருள் எஞ்சியுள்ள இடத்தில் இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிவைத்தல் நம் கடமை. பின்னர், அவர்கள் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் அவ்வானம் அவர்களுக்கு அந்நியமாகாது.