ஒரு நூல் இடைவெளி!

பொட்டிபுரம் என்றதும், "ஓ... நியூட்ரினோ ஊரா?" என்றுதானே கேட்கப்போறீங்க? அதே ஊர்தான் பாஸ்! போடிநாயக்கனூர் பக்கம், மேற்கு மலைக்குக் கீழே ஹாயாக உட்கார்ந்திருக்கிற அதே ஊர். அந்த மலையைக் குடைஞ்சு, உள்ளே ஐம்பதாயிரம் டன் இரும்பை அடுக்கி, கண்ணுக்கே தெரியாத துகளைப் பிடிக்கத் திட்டம் போட்டதும், வேண்டாம்னு ஜனங்க போராடினதும் உங்களுக்கே தெரியும். நானும் இந்த ஜூன் லீவில் அந்த ஊருக்குப் போனேன். ஆனால், நான் பிடிச்சது துகளை இல்லை... உளியை!

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

முதல் வருஷ இன்ஜினீயரிங். 'பிராக்டீஸஸ் லேப்' ஞாபகம் இருக்கா? பிளம்பிங், வெல்டிங்கோடு மரவேலையும் உண்டு. அறுக்கணும், இழைக்கணும், டி ஜாயின்ட், மார்ட்டிஸ் - டெனன், டவ்டெயில்னு கட்டைகளை இணைக்கணும். நான் செய்த டி ஜாயின்ட்டின் சந்தில் ஒரு எறும்புக் குடும்பம் தாராளமா குடித்தனம் நடத்தலாம். ஐயா என்ன பண்ணினேன்? மரத்தூளையும் பசையையும் குழைச்சு, சந்தில் அப்பி, காய்ஞ்சதும் உப்புத்தாளால் தேய்ச்சு... பளபள! ரெக்கார்டில் பத்துக்கு ஒன்பது. (போன ஒரு மார்க்குக்காகச் சண்டை வேற போட்டேன்!)

அந்தக் கட்டையை அம்மாச்சி வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வெச்சதுதான் நான் செய்த தப்பு. 'பேரன் செஞ்சது' என்று வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அம்மாச்சி காட்டுவாங்க. இந்த லீவில், வீட்டு நிலைக்கதவு இறங்கிப்போச்சு என்று பார்க்க வந்த ஆசாரி தாத்தாகிட்டயும் காட்டினாங்க. அறுபதைத் தாண்டினவர். காதில் பென்சில், கையெல்லாம் தழும்பு. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா ஒரு முறுக்கு. டக்! ரெண்டு துண்டு.

"பசை நல்லாப் பிடிச்சிருக்கப்பு... மரம்தான் பிடிக்கல!"

அம்மாச்சி முகத்தைப் பார்க்கணுமே! எனக்கு மானம் போச்சு. "தாத்தா, எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுட்டேன்.

"எத்தனை நாளைக்கு?"

"இருபது நாள் லீவு இருக்கு."

பட்டறை அதிர்ற மாதிரி சிரிக்கிற ஆளை, நம்ம வீட்டு வாசலிலேயே பார்த்தேன். "சரி, நாளைக்கு வெள்ளனா வா!"

முதல் நாளே மரத்தில் புகுந்து விளையாடலாம் என்று போனேன். கையில் கிடைச்சது சாணைக்கல்லும் மொக்கை உளியும்! நாலு நாள்... நாலு நாளும் உளி தீட்டுறதுதான் வேலை. முதுகுப் பக்கம் கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கணும். சரிவுப் பக்கம் கல்லில் ஒரே கோணத்தில் ஓடணும். கை கொஞ்சம் ஆடினாலும் முனை உருண்டுடும். கட்டையின் குறுக்கு வெட்டு முகத்தில் வெச்சுத் தள்ளினால், நசுங்காமல் மெல்லிசா சீவிட்டுப் போகணும். அதுதான் பரீட்சை. ஜெர்மனியில் தச்சு வேலை பழகி முடிச்ச இளைஞர்கள் மூணு வருஷம் ஒரு நாள் ஊர் ஊராப் போய் வேலை பார்க்கிற வழக்கம் இன்னிக்கும் இருக்கு. அதுவரைக்கும் சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் கிட்டே வரக்கூடாதாம். நான் நாலாவது நாளே, நாலு தெரு தள்ளியிருக்கிற அம்மாச்சி வீட்டுக்கு ஓடிடலாமா என்று யோசிச்சவன்!

பட்டறையில் இன்னொருத்தனும் இருந்தான். பதினெட்டு வயசு. பத்தாவது பாஸ். அவன் அப்பா தினமும் விடிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போறவர். இவன் ரெண்டு வருஷமா தாத்தாகிட்ட வேலை பழகுறான். நான் உளியோடு மல்லுக்கட்டுற நேரத்தில், அவன் இழைப்புளியைத் தள்ளினால் சுருள் சுருளா சீவல் வந்து விழும். பொறாமையா இருந்துச்சு!

அந்தச் சமயம் பட்டறைக்கு வந்திருந்தது ஏலக்காய் ஆர்டர். அதாவது, பறிச்ச பச்சைக் காயை ஸ்டோரில் வெச்சு உலர்த்துற தட்டுகளுக்கு மரச்சட்டம். நடுவில் கம்பி வலை, சுத்தி நாலு சட்டம். காயில் முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். அதைச் சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்கா உலர்த்துவாங்க. காயோடு சேர்ந்து சட்டமும் காயும். சீசனுக்குக் காய் இறங்குறதுக்குள்ளே தட்டுகள் மலையேறணும்.

எனக்கு அறுக்கிற வேலை மட்டும் கிடைச்சது. "நானும் மாட்டட்டுமா தாத்தா?" என்றால், "அறுக்குறது வேற... பூட்டுறது வேறப்பு!" என்பார். இது ஏதோ பட்டறை பந்தா இல்லை. 'மயமதம்' என்கிற பழைய சிற்ப நூலிலேயே வெட்டிக் கொடுக்கிற தக்ஷகன் தனி, இணைக்கிற வர்த்தகி தனி. உலக இளைஞர்கள் மோதுற வேர்ல்டுஸ்கில்ஸ் போட்டியிலும் கார்ப்பென்ட்ரி தனி, ஜாயினரி தனி!

பத்தாவது நாள், ஒருவழியா பூட்ட விட்டார். குவியலில் இருந்து பளிச்னு இருந்த புதுப்பலகையா பார்த்து எடுத்தேன். ஒரு கட்டையில் தொளை, இன்னொண்ணில் கழுந்து. கொட்டாப்புளியால் தட்டினால், கிச்சென்று இறங்கிச்சு. முடியளவுகூட சந்து இல்லை! தாத்தா ஒண்ணும் சொல்லலை. சட்டத்தைத் தூக்கித் தகரக் கூரை மேல போட்டார். அவ்வளவுதான்.

நாலு நாள் வெயிலுக்கு அப்புறம் இறக்கிப் பார்த்தால்... மூலை லொடலொட! தாத்தா விரலை வெச்சுத் தடவி, "அரை நூலு விலகியிருக்கு" என்றார். நூல் என்றால், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நான் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர். விரலும் ஸ்கேலும் ஒரே பதில்!

"பச்சை மரத்தை எடுத்திருக்க. காயக் காயச் சுருங்கும். நீளத்துக்குச் சுருங்காது, அகலத்துக்குத்தான் சுருங்கும்."

நானும் படிச்சிருக்கேன் பாஸ்! மரம் இழையோட்டத்தில் சுருங்குறது ரொம்ப ரொம்பக் கம்மி. குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளையத்தை ஒட்டின பக்கம், நடுவிலிருந்து வெளியே போற பக்கத்தைப்போல சுமார் ரெண்டு மடங்கு. பரீட்சையில் எழுதச் சொன்னால் எழுதியிருப்பேன். ஆனால், பலகையைத் தொட்டப்போ ஞாபகம் வரலையே! தாத்தா உடைச்ச பழைய வீட்டு நிலையை அறுத்து, ஏற்கெனவே காய்ஞ்ச தேக்கில் சட்டம் செய்தது ஏன் என்று அப்போதான் புரிஞ்சது.

அன்னிக்குச் சாயங்காலம் பையன் கேட்டான். "அண்ணே, இந்த வேலைக்கு சர்ட்டிபிகேட் உண்டாமே... ரெண்டு வருஷம் பழகுனதுக்குத் தருவாகளா?"

தேடிப் பார்த்தேன். 1961-லேயே அப்ரன்டிஸ் சட்டம் இருக்கு. உதவித்தொகை உண்டு, முடிச்சால் தேசியச் சான்றிதழும் உண்டு. ஆனால், 2019-ல் திருத்தின விதிப்படி, நாலு பேராவது வேலை பார்க்கிற இடம்தான் அப்ரன்டிஸ் வெச்சுக்க முடியும். 30 பேருக்குப் போனால் கட்டாயம். நம்ம பட்டறையில் மொத்தமே ரெண்டு பேர்! அதாவது, அவன் அஞ்சு வருஷம் பழகினாலும் அந்தச் சட்டத்தின் கணக்கில் அவன் பழகவே இல்லை. இன்னொரு வழி ஐ.டி.ஐ. கார்ப்பென்டர் பிரிவுக்கு எட்டாவது படிச்சிருந்தால் போதும், ஒரே வருஷம். "பேசாம ஐ.டி.ஐ-ல சேர்ந்துடுடா!" என்று உற்சாகமா கத்திட்டேன்.

இழைப்புளிச் சத்தம் நின்னுபோச்சு. பின்னாடி தாத்தா.

ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்லை. தாத்தாவுக்கு ரெண்டு மகன்கள். ஒருத்தர் ஜீப் ஓட்டுறார், இன்னொருத்தர் திருப்பூரில். பட்டறைப் பக்கம் யாரும் வரலை. வேற வீட்டுப் பையனுக்கு எதுக்குத் தொழிலைச் சொல்லித் தர்றே என்று சொந்தக்காரங்க கேட்டப்போ, "வந்தவனுக்குத்தானே சொல்லித் தர முடியும்?" என்றவர். இருபது நாளில் மூட்டை கட்டப்போற நான், அவருக்கு மிச்சமிருந்த ஒரே கையையும் பறிச்சுட்டேனோ? ராத்திரி தூக்கம் வரலை. என்கிட்ட பேப்பர் இருக்கு, கை இல்லை. அவன்கிட்ட கை இருக்கு, பேப்பர் இல்லை. தாத்தாகிட்ட? நாற்பது வருஷ வேலை இருக்கு, வாங்கிக்க ஆள் இல்லை!

கிளம்புறதுக்கு முந்தின நாள், சட்டத்துக்குக் கழுந்து வெட்டிக்கிட்டு இருந்தேன். தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல மிசினு வேலை எல்லாம் சொல்லித் தருவாகளா?"

"தருவாங்க தாத்தா."

"எனக்கு மிசினு தெரியாதப்பு. இனிமே அது தெரியாதவன் பொழைக்க முடியாது. போகட்டும்..." கொஞ்ச நேரம் கழிச்சு, பையன் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை இங்கிட்டு வந்துரணும். உளி துருப்பிடிக்கக் கூடாது."

பையன் அப்ளிகேஷன் போட்டிருக்கான். இடம் கிடைக்குமா என்று இதை எழுதுறப்போ தெரியலை. உங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு தம்பி பட்டறையிலோ, ஒர்க்‌ஷாப்பிலோ பேப்பர் இல்லாம வேலை பழகிக்கிட்டு இருப்பான். ஐ.டி.ஐ-யில் கேட்டுச் சொல்லுங்க. எல்லா ஐ.டி.ஐ-யிலும் எல்லாப் பிரிவும் இருக்காது, அதையும் விசாரிச்சுச் சொல்லுங்க. ஆனால், அவனோட ஆசாரி பக்கத்தில் இருக்காரா என்று பார்த்துட்டுக் கத்துங்க!

என் கணக்கு? நான் செய்த சட்டங்களில் ரெண்டே ரெண்டு தேறி, மலைக்குப் போயிருக்கு. உடைஞ்ச டி ஜாயின்ட்டைப் பசை இல்லாமல் புதுசா செய்தேன். இன்னும் கால் நூல் சந்து தெரியுது. தூள் வெச்சு அடைக்கலை, அப்படியே அலமாரியில் வெச்சிருக்கேன். ரெக்கார்டில் மட்டும் அந்த ஒன்பது மார்க் அப்படியேதான் இருக்கு.

உங்க ஹாஸ்டல் அலமாரியிலும் அப்படி ஒரு கட்டை தூங்குதா? எடுத்து, ஒரே ஒரு தடவை முறுக்கிப் பாருங்களேன்!