லொறியின் கீச்சொலி

எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டுச் சோறும் எனது டியூஷன் காசும் வாப்பாவின் பழைய லொறியிலிருந்துதான் வருகின்றன. பேசாலையில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, மன்னார்ப் பாலம் கடந்து, முருங்கன், மதவாச்சி வழியாகப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போவார். விடியுமுன் அங்கு நிற்க வேண்டும். வழியில் லொறி நின்றால் ஐஸ் கரையும். மீனின் விலையும் கரையும்.

கடந்த கச்சான் காற்றுக் காலத்தில் அந்த லொறி கீச்சிடத் தொடங்கியது. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து காதைக் கிழிக்கும் சத்தம் வரும். சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். ஒருவர் பெல்ட்டில் சவர்க்காரம் தடவச் சொன்னார். இன்னொருவர், டைனமோ போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார். புதிது என்றதும் உம்மாவின் காப்பை அடகு வைக்கும் பேச்சு எழுந்தது.

"சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குது எண்டு முதல்ல பாப்பமே வாப்பா" என்றேன். அவர் மறுக்கவில்லை.

3 நாட்கள் கேட்டுக் கொப்பியில் குறித்தேன். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் வருகிறது. சற்று நேரம் ஓடிய பின் இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே ஹெட்லைட்டைப் போட்டால் மீண்டும் எழுகிறது. ஸ்டார்ட் செய்வதில் பற்றரி இழந்த மின்னை டைனமோ திருப்பிக் கொடுக்க வேண்டும். லைட் போட்டாலும் அதன் சுமை கூடும். அந்தச் சுமையைச் சுழற்றப் பெல்ட்டின் பிடி போதாவிட்டால் அது கப்பியில் வழுக்கும். ஒட்டி, வழுக்கி, மீண்டும் ஒட்டும் அந்த அதிர்வுதான் கீச்சொலி. கரும்பலகையில் வெண்கட்டி கீச்சிடுவதும் இதே உராய்வால்தான்.

அடுத்ததாக வாப்பா தள்ளி நின்று, ஓடும் பெல்ட்டின் மேல் சிறிது தண்ணீர் தெளித்தார். சுழலும் பெல்ட் துணியை இழுத்துவிடும் என்பதால் என்னைக் கிட்ட விடவில்லை. கப்பிகள் நேராக இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் சத்தம் சற்று மறையும். பெல்ட் தளர்ந்திருந்தால் கூடும். எங்களுக்குக் கூடியது.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றினோம். டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் கையால் சுற்றிப் பார்த்தோம். உறுமலும் இல்லை, ஆட்டமும் இல்லை; பெயரிங்குகள் நன்றாகவே இருந்தன. பெல்ட்டின் பக்கங்களோ தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தன. ஆப்பு வடிவப் பெல்ட் அந்தப் பக்கங்களால்தான் கப்பியைப் பிடிக்கிறது. அதை இறுக்கும் போல்ட்டும் உப்புக்காற்றில் துருவேறித் தளர்ந்திருந்தது.

புதுப் பெல்ட்டும் போல்ட்டும் போட்டோம். இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கும்படி வாப்பா இறுக்கினார். அதற்கு மேல் இறுக்கினால் பெயரிங் கெடும். புதுப் பெல்ட் ஓடத் தொடங்கியதும் சற்று இளகும் என்பதால் சில நாட்களின் பின் மறுபடியும் பார்த்தோம். காப்பு உம்மாவின் கையிலேயே இருந்தது.

சவர்க்காரம் தடவியிருந்தால் சத்தம் ஓரிரு நாள் அடங்கியிருக்கும். ஆனால் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். அது நடுவழியில் அறுந்தால் எஞ்சின் கொதித்துவிடும். இரவில், லொறி நிறைய மீனோடு வாப்பா தனியே நின்றிருப்பார்.

தோழிகளே, வாகனம் ஆண்பிள்ளைகளின் விஷயம் என்று நாம் ஒதுங்கத் தேவையில்லை. கவனமாகக் கேட்கவும், கேட்டதை எழுதிவைக்கவும், ஒவ்வொன்றாகச் சோதிக்கவும் நமக்கும் தெரியும். இப்போதெல்லாம் லொறியில் புதிதாக ஏதாவது சத்தம் வந்தால் வாப்பா முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்: "மகள், இங்க வந்து ஒருக்காக் கேளு."